பியோர்க் நிலத்து விவசாயி யார்?

ஒரு நிலத்தில் யார் விவசாயம் பார்க்கிறார் என்று தெரிய வேண்டுமானால் வேலியோரம் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தால் போதும். வேளாண் உதவி அலுவலகத்தில் வேலைக்குச் சேரும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. எட்டிப் பார்ப்பது விதிப்படி செல்லாது என்று இப்போது தெரியும். எங்கள் ஹால்வர்சன் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், இதைக் கண்டுபிடிக்க மூன்று பேர் கமிட்டி இருக்கிறது, தலையணை மொத்தத்தில் விதிமுறை இருக்கிறது, வருடத்துக்கு இரண்டு முறை மாறுகிற படிவம் இருக்கிறது. எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய நான் இருக்கிறேன். பெயர் மார்லிஸ். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அதை மூடி வைத்திருக்கத்தான் அலுவலகத்தில் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஓர்லின் ஸ்லெட்டனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவி ஜானெல் என்னோடு பள்ளியில் படித்தவள். அவர்களுக்குச் சொந்தமாக நூற்று அறுபது ஏக்கர். பியோர்க் குடும்பத்திடம் குத்தகைக்கு முந்நூற்று இருபது. குத்தகை நிலத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கோதுமையும் சூரியகாந்தியும் போடுகிறார். அது கைவிட்டுப் போனால் மிச்ச நிலத்தை வைத்துக்கொண்டு இயந்திரங்களுக்கு டீசல்கூட ஊற்ற முடியாது. எல்லாவற்றையும் விற்றுவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கமிட்டித் தலைவர் கேலார்டுக்கு நன்றாகவே தெரியும். அவருடைய நிலம் அடுத்த வேலிதான்.

போன நவம்பரில், அறுவடை முடிந்து முதல் பனி விழுந்த வாரம், அரிசோனாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பிராட்லி பியோர்க். நிலத்தின் சொந்தக்காரர், பல் மருத்துவர். எங்கள் ஊருக்கு வாழ்நாளில் இரண்டு தடவை வந்திருக்கிறார், இரண்டும் சாவுக்கு. ஏதோ விருந்தில் ஓர் ஆலோசகர் அவர் காதில் ஓதியிருக்கிறார்: நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் அரசாங்க உதவிப்பணம் குத்தகைக்காரருக்குப் போகும், நீங்களே விவசாயி என்று பதிந்துகொண்டால் உங்களுக்கு வரும் என்று. உடனே 'பியோர்க் குடும்பக் கூட்டுப்பண்ணை' பிறந்துவிட்டது. உறுப்பினர்கள் ஏழு பேர். ஆளுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு இருப்பதால் ஆள் கூடினால் பணமும் கூடும். பிராட்லி, அவர் மனைவி, மச்சான், இரண்டு தங்கைகள், கலிபோர்னியாவில் நாய்களுக்கு முடி வெட்டும் ஒரு சித்தி மகள். ஏழாவது பெயர், தாத்தா ராஸ்மஸ். தாத்தா எங்கள் லூத்தரன் சர்ச்சுக்குப் பின்னால் கல்லறையில் படுத்து ஆறு வருடம் ஆகிறது.

நான் கேலார்டிடம் போய்ச் சொன்னேன். "தலைவரே, ராஸ்மஸ் செத்துப்போய்ட்டாரே. சவப்பெட்டியில ஒரு கை நீங்களும் பிடிச்சீங்க."

"எனக்குத் தெரியும் மார்லிஸ். பட்டியலுக்குத் தெரியாதே," என்றார் கேலார்ட். "அவரா ஒரு விலகல் கடிதம் கொடுத்தா எடுத்துடலாம். கொடுக்காத வரைக்கும் நாம எப்படி எடுக்கறது? ஒரு விவசாயியோட உரிமை ஆச்சே."

ஆக, ஒரே நிலத்துக்கு இரண்டு விவசாயிகள். விசாரணை என்று முடிவாயிற்று. இரண்டு தரப்புக்கும் படிவம் அனுப்பினேன்.

இங்கேதான் ஓர்லின் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். எங்கள் ஆட்களின் குணம் அப்படி. நார்வேயிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 'நான்' என்று வாயைத் திறப்பது இங்கே அசிங்கம். விளைச்சல் வீடு கொள்ளாமல் வந்திருந்தாலும், எப்படி என்று கேட்டால் "மோசமில்லை" என்போம். என் பெரியப்பாவின் கொட்டகை மொத்தமாக எரிந்து போனது. என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் "கொஞ்சம் சூடாயிடுச்சு" என்றார். படிவத்தில் நான்காவது கேள்வி: 'இந்த நிலத்தில் உங்கள் பங்கு என்ன?' ஓர்லின் நேரில் கொண்டுவந்து கொடுத்ததில் பென்சிலை எச்சிலில் தொட்டுத் தொட்டு எழுதியிருந்தார்: 'ஏதோ என்னால் ஆன உதவி.'

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "ஐயோ ஓர்லின், இதை அழிங்க. 'நான்தான் விவசாயி, முழுக்க நான்தான்'னு கொட்டை எழுத்துல எழுதுங்க."

அவர் காது சிவந்துவிட்டது. "அப்படியெல்லாம் எழுதினா நல்லாவா இருக்கும்? கேலார்ட் படிப்பான். என்னமோ பீத்திக்கறேன்னு நினைப்பான்."

"பீத்திக்கற நேரம்தான் இது."

"விடு மார்லிஸ். ஊர்ல எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருக்காங்க," என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிராட்லியின் பதில் பதினொரு பக்கம் வந்தது. நான்காவது கேள்விக்கு மட்டும் மூன்று பக்கம். 'தொலைநோக்கு' என்ற சொல் ஒன்பது தடவை இருந்தது. தட்டச்சு செய்தவள் என்பதால் எண்ணினேன். கோதுமை ஒரு தடவை, அதுவும் எழுத்துப் பிழையோடு.

டிசம்பரில் முதல் விசாரணை. அரிசோனாவை ஒலிபெருக்கித் தொலைபேசியில் பிடித்தோம். கேலார்ட் வருகைப் பதிவு எடுத்தார். ஆறு பேரும் 'இருக்கேன்' என்றார்கள். நாய் குரைத்தது. "ராஸ்மஸ் பியோர்க்?" என்றார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கோம்மா," என்றார். எழுதினேன்.

பிராட்லியின் பக்கம் ஏதோ ஒரு இயந்திரம் கொர்ர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. நடுநடுவே யாரோ வாயைப் பிளந்தபடி முனகினார்கள். பல்லைக் குடைந்துகொண்டே விவசாயம் பார்க்கிறார் மனிதர்.

கேலார்ட் தொண்டையைச் செருமினார். "விதி என்ன சொல்லுதுன்னா, உழைக்கறது வேற, விவசாயம் வேற. கை இருக்கறவன் எவனும் உழைச்சுடுவான். நிர்வாகம்தான் விவசாயம். அதாவது, முடிவெடுக்கறது. ஓர்லின், நீ சொல்லு. எப்ப விதைக்கணும்னு யார் முடிவெடுக்கறா?"

ஓர்லின் முழித்தார். "அது... நிலம் காயணும். காஞ்சா விதைப்பேன்."

"அப்ப முடிவு நிலத்தோடது. எழுதிக்கோ மார்லிஸ். மருந்து அடிக்கறது?"

"களை வந்தா அடிப்பேன்."

"முடிவெடுப்பது களை. அறுவடை?"

"என்ன கேலார்ட் இப்படிக் கேக்கறே? உனக்குத் தெரியாததா? மணியைக் கடிச்சுப் பார்ப்பேன். கடக்குன்னு இருந்தா அறுப்பேன்."

"முடிவெடுப்பது மணி," என்று கேலார்ட் எனக்குச் சொன்னார். பிறகு தொலைபேசிப் பக்கம் குனிந்தார். "டாக்டர், போன வருஷம் உங்க கூட்டுப்பண்ணை ஏதாவது முடிவெடுத்துதா?"

கொர்ர்ர் நின்றது. "எடுத்தோமே. எல்லாத்தையும் ஓர்லின்கிட்டயே விட்டுடலாம்னு முடிவெடுத்தோம். ஒருமனதா."

கேலார்ட் மேசையைத் தட்டினார். "இதுக்குப் பேர்தான் நிர்வாகம்!" மற்ற இரண்டு உறுப்பினர்களும் தலையாட்டினார்கள். இருவரும் ஓர்லினின் காசில் அன்று காலைதான் தானியக் கிடங்கு கேண்டீனில் காபி குடித்தவர்கள். குறிப்பேட்டில் ஒரு வரி விடாமல் எழுதினேன்.

வெளியே வந்ததும் ஓர்லின் என்னிடம், "ஏன் மார்லிஸ், நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டார். எழுத்தில் ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள், டைரி, குறிப்பு, எதுவாக இருந்தாலும் சரி என்றேன். யோசித்தார். "டைரி கிடையாது. கதவு இருக்கு," என்றார்.

பியோர்க் நிலத்திலுள்ள பழைய கொட்டகையின் கதவு அது. இருபத்திரண்டு வருடமாக அதன் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வந்திருக்கிறார். ஜனவரியில், மூக்கு உறைந்து உதிர்ந்துவிடும் போன்ற ஒரு காலையில், கதவைக் கீலோடு கழற்றிப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். அலுவலக வாசலில் அது நுழையவில்லை. சுவரில் சாய்த்து வைத்தார். கமிட்டி கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்தது. அன்று மாநிலத் தலைநகர் பிஸ்மார்க்கிலிருந்து ஹாலிஸ் பென்டர்கிராஸ் என்ற மேலதிகாரியும் மேற்பார்வைக்கு வந்திருந்தார். காதுமூடி போட்டுக்கொண்டு அவரும் வந்தார்.

நான்தான் சத்தமாகப் படித்தேன். 'மே 9. தெற்குப் பக்கம் விதைத்தாச்சு. ஈரம் ஜாஸ்தி.' 'மே 27. தெற்குப் பக்கம் மறுபடி.' 'ஜூன் 30. ஆலங்கட்டி. போச்சு.' 'ஆகஸ்ட் 14. ஜானெல் அம்மா அடக்கம். மூணு மணிக்கு மேல் அறுப்பு.' 'வெட்டுக்கிளி.' 'மழை இல்லை.' 'மழை இல்லை.' 'மழை.'

பென்டர்கிராஸ் கதவை இரண்டு தடவை சுற்றி வந்தார். "யாரோட கையெழுத்தும் இல்லையே. 'விதைத்தாச்சு'ன்னு இருக்கு. யார் விதைச்சாங்க? 'நான்'ங்கற வார்த்தையே இந்தக் கதவுல எங்கயும் இல்லை."

உண்மைதான். இருபத்திரண்டு வருடம், ஒரு 'நான்' இல்லை.

"ஆனா, கதவு அருமையான கதவு," என்றார் பென்டர்கிராஸ், கையுறையால் தடவியபடி. "எண்பது, தொண்ணூறு வருஷம் இருக்கும். உழவர் வாழ்வின் எழுத்துச் சுவடு! பாரம்பரியப் பிரிவுக்கு எழுதறேன். இதுக்கு ஒரு பாதுகாப்பு நிதி உண்டு."

எழுதினார், நிதியும் வந்தது. விவசாயி யார் என்று முடிவு சொல்ல ஐந்து மாதம் எடுத்த அரசு இயந்திரம் கதவுக்கு மூன்று வாரத்தில் பணம் ஒதுக்கியது. கொட்டகை யாருடையதோ கதவு அவருடையது என்பதால் பணம் பிராட்லிக்குப் போனது. ஓர்லினுக்கும் ஒரு கடிதம் போனது. பாரம்பரியச் சின்னத்தை அனுமதியின்றிக் கழற்றியதற்கான எச்சரிக்கை. இரண்டையும் ஒரே நாளில் தட்டச்சு செய்தேன். சீ, என்ன பிழைப்பு இது என்று அன்றைக்கு வாய்விட்டே சொல்லிவிட்டேன். அறையில் யாரும் இல்லை.

பிப்ரவரியில் சர்ச் அடித்தளத்தில் 'விவசாயிகள் பாராட்டு விருந்து'. வருடா வருடம் நடக்கும். பெண்கள் ஆளுக்கொரு தட்டு கொண்டுவருவார்கள். உருளைக்கிழங்கும் அரைத்த இறைச்சியும் சேர்த்து அடுப்பில் சுட்ட பண்டம் பதினான்கு வகை, சுவை ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு பென்டர்கிராஸ் எழுந்தார். 'செல்வ நாடு தன் உழவனை ஏன் தாங்குகிறது' என்பது தலைப்பு.

"நண்பர்களே, என்னை விமானத்துல ஒருத்தர் கேட்டார். 'கிடங்குல கோதுமை விக்காம மலையாக் குவிஞ்சு கிடக்கு. அப்புறமும் எதுக்குய்யா பணம் கொடுக்கறீங்க?' நான் சொன்னேன்: பணம் கொடுத்ததாலதான் குவிஞ்சிருக்கு. கொடுக்கலேன்னா குவிஞ்சிருக்குமா?" கைதட்டல். "இன்னொருத்தர், 'பெரிய பண்ணைக்குப் பெரிய தொகை, சின்னப் பண்ணைக்குச் சின்னத் தொகை, இது நியாயமா?'ன்னார். யோசிச்சுப் பாருங்க. சின்னவங்க கஷ்டத்துக்குப் பழகினவங்க. பெரியவங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பழக்கமில்லாதவங்களுக்குத்தானே வலி ஜாஸ்தி? வலிக்கற இடத்துலதான் மருந்து தடவணும்."

கேலார்ட் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பெரிய பண்ணை.

"நம்ம பணத்தால உலகச் சந்தையில விலை விழுந்து ஏழை நாட்டுப் பருத்திக்காரன் அழியறான்னு சொல்றாங்க. ஒரு நாடு வழக்கே போட்டு ஜெயிச்சுது. நாம நிறுத்தினோமா? நிறுத்தலை. வழக்குப் போட்டவங்களுக்கும் வருஷா வருஷம் சேத்துக் கொடுத்தோம், நம்மளைத் தொந்தரவு பண்ணாம இருக்க. அந்த அளவுக்கு நமக்குத் தாராள மனசு! அப்புறம், நம்ம மாநிலத்துல ஆளைவிட மாடு ஜாஸ்தி. ஆனா செனட்ல நமக்கும் ரெண்டு பேர், கலிபோர்னியாவுக்கும் ரெண்டு பேர். ஓட்டெடுப்புல நம்ம ரெண்டு கை தூக்கணும்னா யாராவது நம்மளைக் கவனிக்கணும் இல்லையா? இதைச் சிலர் பேரம்ங்கறாங்க. நான் ஜனநாயகம்ங்கறேன்."

ஜானெல் எழுந்துவிட்டாள். அவள் மேற்கே சுரங்கக்காரர்கள் வழி வந்தவள். எங்கள் சங்கோஜம் அவளுக்கு ஒட்டவே இல்லை. ஓர்லின் அவள் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தார். தட்டிவிட்டாள்.

"ஐயா, போன வருஷம் இந்தக் கவுண்டியில எத்தனை விவசாயிக்குப் பணம் கொடுத்தீங்க?"

பென்டர்கிராஸ் காகிதத்தைப் பார்த்தார். "நானூத்துப் பன்னிரண்டு பேர்."

"நிலத்துல இறங்கறவங்க நூத்தித் தொண்ணூறு பேர்கூட இல்லையே. ஒவ்வொருத்தர் வீடும் எனக்குத் தெரியும்."

"பாத்தீங்களா!" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "விவசாயிங்க அழிஞ்சுக்கிட்டே வர்றாங்கன்னு பத்திரிகையில எழுதறான். இங்க ரெண்டு மடங்கா ஆயிருக்கோம்!"

கைதட்டல் நிற்க ஒரு நிமிடம் ஆயிற்று. ஜானெல் தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். பாதி உணவு இன்னும் உள்ளே இருந்தது.

மார்ச் மாதம் தீர்ப்பு. பியோர்க் நிலத்தின் விவசாயி கூட்டுப்பண்ணையே. ஸ்லெட்டன் தன் வாக்குமூலப்படியே உதவிக்கு வந்து போகிறவர். கடந்த இருபத்திரண்டு வருடங்களில் அவர் விவசாயத்தில் ஈடுபட்டதாக நிரூபணம் இல்லை. மூன்று கையெழுத்து. குத்தகை ரத்து என்று பிராட்லியின் கடிதம் மறுநாளே வந்தது.

ஏப்ரல் முதல் வாரம் ஓர்லின் வீட்டு முற்றத்தில் ஏலம். சேறு கணுக்கால் வரை. டிராக்டர், விதைப்பு இயந்திரம், அறுவடை இயந்திரம், வெல்டிங் சாமான், வாளி வாளியாகப் போல்ட்டுகள், எல்லாம் வரிசையாக நின்றன. ஏலக்காரர் மூச்சுவிடாமல் கூவினார். சர்ச் பெண்கள் கேக் விற்றார்கள். எனக்கு அலுவலக வேலையாகத்தான் அங்கே போக வேண்டியிருந்தது. கையில் ஒரு கடிதம்.

விதைப்பு இயந்திரத்தைக் கேலார்ட் எடுத்தார். எடுத்துவிட்டு ஓர்லினின் தோளில் கை போட்டார். "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேடா. ஒரு துரு இல்லை. கண்ணை மூடிக்கிட்டு வாங்கினேன். இந்தக் கவுண்டியில உன்னை மாதிரி விவசாயி கிடையாதுடா, எனக்குத் தெரியாதா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். "தலைவரே, இதையே மார்ச் மாசம் எழுதியிருக்கலாமே?"

கேலார்ட் நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "அது ஆபீஸ் மார்லிஸ். இது, பக்கத்து வீட்டுக்காரனா மனசுல பட்டதைச் சொல்றேன்."

ஓர்லின் அவருக்கு நன்றி சொன்னார். ஆம், நன்றி சொன்னார். மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. உலுக்க வேண்டியது அவரை இல்லை என்றும் தெரிந்தது. கடிதத்தை நீட்டினேன். ஜானெல் பிடுங்கிப் படித்தாள்.

'அன்புள்ள ஸ்லெட்டன் அவர்களுக்கு, இதுவரை விவசாயத்தில் ஈடுபடாதவர் என்று எங்கள் பதிவேடு காட்டுவதால், புது விவசாயிகள் ஊக்கத் திட்டத்துக்குத் தாங்கள் தகுதி பெறுகிறீர்கள். வாழ்த்துகள். நிலமும் இயந்திரங்களும் தங்களிடம் இருப்பதற்கான சான்றை இணைக்கவும். விதைப்பது எப்படி என்ற மூன்று நாள் பயிற்சி கட்டாயம்.'

"யாருடி இதை எழுதினது?" என்றாள்.

"நான்தான் அடிச்சேன்."

அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கடிதத்தை மடித்து என் கோட்டுப் பையிலேயே திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

ஓர்லின் தெற்கே பார்த்துக்கொண்டு நின்றார். சாலைக்கு அந்தப் பக்கம் பியோர்க் நிலம். பனி கரைந்து மண் கறுப்பாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. "இன்னும் மூணு வாரத்துல காஞ்சிடும்," என்றார். "மார்லிஸ், இனிமே அங்க யாரு விதைப்பாங்க?"

ஐந்து மாத விசாரணையில், அத்தனை பக்கக் குறிப்பில், ஒருவரும் கேட்காத கேள்வி. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

"யாரும் விதைக்கப் போறதில்லை ஓர்லின். போன வாரம் கூட்டுப்பண்ணைக்காரங்க போன்ல கூடிப் பேசினாங்க. இந்த வருஷம் சும்மா போட்டு வைக்கலாம்னு முடிவு. விதைச்சாத்தானே செலவு. பணம் அந்த நிலத்தோட பழைய விளைச்சல் பதிவை வச்சு வருது. விதைச்சாலும் வரும், விதைக்காட்டியும் வரும்."

"விதைக்காட்டியுமா?"

"விதைக்காட்டியும்."

படிவம் வந்தபோது, விசாரணையில், கதவின் முன்னால், தீர்ப்பு வந்த அன்றுகூட அந்த மனிதர் முகம் மாறவில்லை. இப்போது மாறியது. விற்றுப்போன அறுவடை இயந்திரத்தின் படியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தை அதில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஏலக்காரர் அடுத்த சாமானைக் கூவினார். எங்கள் ஆட்கள் எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை பியோர்க் கூட்டுப்பண்ணையின் பணத்தை நான்தான் அனுப்பினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை.